நான் மாற்றிப் படித்த கடிதம்

ஜனவரி 14, திங்கள்

பயிற்சி வேலைக்கு இன்று முதல் நாள். காலையில் பள்ளியில் இரண்டு வகுப்பு. பத்தரை மணிக்கு மஞ்சள் பேருந்து எங்களைக் கல்லூரியில் இறக்கிவிடுகிறது. அங்கே பாடங்கள் முடிந்ததும் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை அலுவலகம். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். "சந்தைக்குப் போற ஆட்டுக்குக்கூட ஒரு மணிதான்டி கட்டுவாங்க" என்றாள் என் தோழி தமாரிஸ்.

அவளுக்கு மருத்துவமனை. எனக்குக் கல்லூரியின் பதிவு அலுவலகம், நானே கேட்டு வாங்கியது. கவுன்ட்டரில் நீட்டும் படிவங்களை வாங்கித் தேதி முத்திரை குத்தித் தட்டில் வைக்க வேண்டும். பேச்சு அதிகம் தேவைப்படாது. ஆனாலும் முதல் ஆள் வந்து நின்றபோது முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்துவிட்டேன். மேற்பார்வையாளர் திருமதி ஒராலியா என் கையைப் பிடித்து முத்திரையை அழுத்தினார். "காகிதம் கடிக்காதும்மா."

மே மாதம் பள்ளிச் சான்றிதழ் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கல்லூரியின் இரண்டாண்டுப் பட்டம் வந்துவிடும். எங்கள் பள்ளியில் அப்படித்தான், இரண்டையும் சேர்த்தே படிக்கிறோம். அப்பா நான்காம் வகுப்பு. அம்மா ஆறு. நான் பதினெட்டு வயதுக்குள் பட்டதாரி. எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஜனவரி 22, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் படிக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அப்பா கைகழுவிவிட்டு வந்து உட்காருவார். அம்மா டோர்டியா ரொட்டியை மூடிய துணியை மடித்துவைப்பாள். தங்கை மாரிக்ரூஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள். நான் உறையைக் கிழித்து ஒவ்வொரு வரியாக எங்கள் மொழியில் சொல்வேன். அப்பா ஒவ்வொரு வரிக்கும் "சரி" என்பார்.

இன்று கல்லூரியிலிருந்து, "பிரிசெய்டா ஒல்மேதாவின் பெற்றோருக்கு" என்று. முதல் வரி மே 17 பட்டமளிப்பு விழா பற்றி. அதைச் சொன்னேன். "சரி" என்றார். இரண்டாம் வரியில் என் கண் நின்றது. *தங்கள் மகள் பட்டத்துக்கான தகுதிகளை நிறைவு செய்யவில்லை.* அதற்குக் கீழே வரலாற்றுப் பாடம், அதன் எதிரே தோல்வி என்ற எழுத்து.

அப்பா காத்திருந்தார். என் வாய் பேசியது: "குடும்பத்தார் எல்லாரும் வரணும்னு அழைக்கிறாங்க."

"சரி."

"உட்கார இடம் ஒதுக்கி வைப்பாங்களாம்."

"சரி."

இப்படியே கடைசி வரி வரை. ஒவ்வொரு வரிக்கும் நான் ஒரு வரி செய்து கொடுத்தேன். யார் எனக்குள்ளிருந்து பேசினார்கள்? அம்மா மூக்கை உறிஞ்சினாள். அப்பா எழுந்து சமையலறைத் தொலைபேசியில் மேஸ்திரி தோன் கசிமீரோவைக் கூப்பிட்டார்.

வருடாவருடம் ஏப்ரல் கடைசியில் அப்பா மேஸ்திரியோடு வடக்கே மிசிகன் மாநிலத்துக்கு அஸ்பாரகஸ் தண்டு அறுக்கப் போவார். ஜூனில் பள்ளி விட்டதும் நாங்கள் பின்னால் போவோம், செர்ரிக்கும் புளூபெர்ரிக்கும். பதினைந்து வருடமாக ஒரே பண்ணை, ஒரே நான்காம் எண் குடில். ஜன்னலில் அம்மா தைத்த திரை தொங்குகிறது. மூன்று வாரம் பிந்தி வருகிறவனுக்காகக் குடிலை யாரும் பூட்டி வைக்க மாட்டார்கள். அது அப்பாவுக்குத் தெரியும்.

"இந்த வருஷம் நான் வரலை" என்றார் தொலைபேசியில். "என் பொண்ணு பட்டம் வாங்குறா. பள்ளிக்கூடப் பட்டம் இல்லைய்யா. காலேஜு."

இவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஜனவரி 23

பள்ளி ஆலோசகர் மிஸ் பல்தேராஸிடம் போனேன். அவருக்கு நானூறு பிள்ளைகள். கணினியைத் திருப்பிக் காட்டினார். இரண்டு வருடம் முந்தைய கோடை. வரலாற்றுப் பாடம். நான்கு நாள் வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு இல்லை.

ஐந்தாம் நாள் நாங்கள் மிசிகனுக்குக் கிளம்பினோம். ஆனால் நான் சொல்லிவிட்டுத்தான் போனேன். வடக்கே போகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு தாள் உண்டு. அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் போய்வருகிறேன். அந்த வருடமும் வாங்கினேன். பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

"இது நம்ம பள்ளிக்கூடத் தாள்மா. காலேஜுக்கு இது தெரியாது. அங்க தனியா விலகல் படிவம் கொடுக்கணும்."

"யாரும் சொல்லலையே, மிஸ்."

"அது நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னால நடந்தது" என்று மட்டும் சொன்னார். கோடை மதிப்பெண் கல்லூரிக் கணக்கில் மட்டும்தான் ஏறும், பள்ளிக்கு வராது. இப்போது பட்டத்துக்காகச் சரிபார்த்தபோது அகப்பட்டிருக்கிறது. இந்தப் பருவத்தில் சேரும் நாளும் முடிந்துவிட்டது. அடுத்த கோடையில் திரும்பப் படித்தால் ஆகஸ்டில் பட்டம், மே விழாவில் பெயர் இருக்காது.

இன்னொரு வழி, அந்தக் கோடைத் தேதியிட்டே விலகல் கேட்டு மனு. பிப்ரவரி 15க்குள். அந்தக் கோடையில் நான் வேலைக்குப் போயிருந்தேன் என்பதற்குப் பண்ணையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவோ அம்மாவோ நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

ஜனவரி 24

விலகல் படிவம் என் மேசையில், இடது தட்டில், கட்டாக இருக்கிறது. பத்து நாளாக அதை நகலெடுத்து அடுக்குகிறேன். பெயர், எண், பாடம், கையெழுத்து. நான்கே கோடுகள்.

ஜனவரி 31

பெரியப்பா வீட்டுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் ரெய்னோசாவில் இருக்கும் அத்தைக்கு, ஆரஞ்சுத் தோட்டத்தில் கூட ஏணி பிடிக்கிறவருக்கு — அப்பா எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இன்று ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, "வாங்க டாக்டர்" என்றார். இரண்டாண்டுப் பட்டத்துக்கும் டாக்டருக்கும் வித்தியாசம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. இனிப்பு ரொட்டி ஒன்று கூடப் போட்டுக் கொடுத்தார்.

மனு கிடைத்துவிட்டால் நான் படித்துக் காட்டியது பொய்யே இல்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை. அப்படித்தானே?

பிப்ரவரி 5, செவ்வாய்

பண்ணைக்குப் பேசினேன். கல்லூரியில் குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மூன்று முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்தினேன்.

முதலாளியின் மனைவி திருமதி வாண்டர்கோக் எடுத்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அப்பா பேரைச் சொன்னதும், ஹெரிபெர்த்தோவைத் தெரியாதா, அவர் அறுத்த வரிசையில் ஒரு தண்டு மிச்சம் இருக்காது என்றார். பேரேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு:

"ஏம்மா, உன் பேர் எந்த வருஷத்துலயும் இல்லையே. அப்பா பேர் மட்டும்தான் இருக்கு."

ஆமாம். இருக்காது. நாங்கள் நான்கு பேர் பறித்ததும் அப்பாவின் சம்பளச் சீட்டில்தான் ஏறும். எல்லாக் குடும்பமும் அப்படித்தான். வாளியைக் கொண்டுபோய் வைத்தால் அப்பாவின் அட்டையில் ஓட்டை போடுவார்கள். என் வாளி, அம்மா வாளி, மாரிக்ரூஸின் அரை வாளி, எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. இல்லாத பேரை எப்படி எழுதித் தருவது என்று அவர் வருத்தமாகக் கேட்டார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கல்லூரியின் ஏட்டில் நான் ஐந்தாம் நாளிலிருந்து இல்லை. பண்ணையின் ஏட்டில் ஒரு நாளும் இல்லை. அப்படியானால் அந்தக் கோடையில் நான் எங்கே இருந்தேன்? முழங்கையில் இன்னும் செர்ரிக் கிளை கிழித்த தழும்பு இருக்கிறது. இதை எந்தத் தட்டில் வைப்பது?

பிப்ரவரி 11

மீதி இருப்பது நோட்டரி.

எங்கள் பக்கத்தில் நோட்டரி என்றால் வரிப் படிவம் நிரப்பித் தரும் கடையில் உட்கார்ந்திருக்கும் தோன்யா உர்சுலா. முத்திரை போடுவதற்கு முன் தாளில் இருப்பதைச் சத்தமாக, எங்கள் மொழியில், வரி வரியாகச் சொல்வார். 'புரிஞ்சுதா' என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைக் கொடுப்பார். அங்கே அப்பாவை அழைத்துப் போனால் எல்லாம் தெரிந்துவிடும்.

தெரியட்டுமே? தெரிந்தால் முத்திரை கிடைக்கும். முத்திரை கிடைத்தால் பட்டம் கிடைக்கும். இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிகிறது. சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 13

மேசையில் வாக்குமூலத் தாளை வைத்தேன். "இங்க ஒரு கையெழுத்து, அப்பா."

"என்ன இது?"

"விழாவுக்கு."

அவர் படம் வரைவதுபோல் மெதுவாகக் கையெழுத்துப் போடுவார். ஓ போட்டு, நிறுத்தி, மூச்சு விட்டு, ல் போட்டார். எழுத்துக் கோணிவிட்டதோ என்று தாளைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா இருக்கா? விழாக்காரங்க பாப்பாங்கல்ல."

நல்லா இருக்கு, அப்பா.

பிப்ரவரி 14, வியாழன்

மனுவை நானே கொடுத்தேன். வாங்கியதும் நானே. முத்திரையும் நானே குத்தினேன். நோட்டரி முத்திரைக்கான சதுரம் காலியாக இருந்தது. திருமதி ஒராலியா எட்டிப் பார்த்து, "யாரோட மனு?" என்று கேட்டார். கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 5

அம்மா பழங்கள் தரம் பிரிக்கும் கூடத்திலிருந்து வந்ததும் புது உடுப்பைப் போட்டுக் காட்டினாள். கருநீலம். முதுகில் ஜிப் ஏறவில்லை. "மே மாசத்துக்குள்ள நான் இளைச்சுடுவேன், நீ பாரு" என்றாள். "உங்க அம்மா போன மே மாசத்துக்கும் இதையேதான் சொன்னா" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மார்ச் 20, புதன்

நிராகரிப்பு. தபால் கட்டில் என் பெயர். நான்தான் கோப்பில் வைக்க வேண்டும்.

*இணைக்கப்பட்ட வாக்குமூலம் நோட்டரியால் உறுதிசெய்யப்படவில்லை. வேறு ஆதாரம் இல்லை.* அவ்வளவுதான். இரண்டு வாக்கியம்.

கழிப்பறையில் போய் நின்றேன். அழுகை வரவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எங்கோ வெயில் காயும் வயல் மாதிரி இருந்தது, ஆள் இல்லாமல்.

மார்ச் 21

நானேதான் செஞ்சுகிட்டேன். கல்லூரி இல்ல. பண்ணை இல்ல. அந்தச் சதுரத்தைக் காலியா விட்டது யாரு? நான். எதுக்கு? அப்பா முகத்தைப் பாக்கப் பயந்துகிட்டு. இப்ப மட்டும் எப்படிப் பாக்கப் போறே?

மார்ச் 29

முத்திரையில் தேதியை மாற்ற ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. யாரும் இல்லாதபோது பின்னால் திருப்பிப் பார்த்தேன். போன வருடம், அதற்கு முந்தைய வருடம், ஜூன் 7, நாங்கள் கிளம்பிய நாள். ஒரு விலகல் படிவத்தை எடுத்துக் கீழே வைத்தேன். அழுத்தவில்லை. திரும்ப மார்ச் 29க்குக் கொண்டுவந்தேன். விரலெல்லாம் ஊதா மை. திருமதி ஒராலியா வந்து ஈரத் துணியை நீட்டினார். பார்த்தாரா?

ஏப்ரல் 9

தமாரிஸ் தன் பட்டமளிப்பு அங்கியைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். நீ எப்போது வாங்குவாய் என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

ஒருவர் தலையில் ஒருவர் உடைத்து விளையாட, ஜனவரியிலிருந்து அம்மா சேர்த்த முட்டை ஓடுகளில் வண்ணக் காகிதத்தூள் நிரப்பி, வாயை ஒட்டி, பூங்காவுக்கு எடுத்துப்போனோம். மாரிக்ரூஸ் முதல் முட்டையை என் தலையில்தான் உடைத்தாள். "பட்டதாரிக்குப் பூமாரி!" என்று கத்தினாள். பெரியப்பா மாட்டிறைச்சி சுட்டார்.

மாலையில் தோன் கசிமீரோ எங்கள் மேசைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் நின்றபடியே பேசினார்.

"ஹெரிபெர்த்தோ, நாலாம் நம்பர் குடிலை இன்னும் யாருக்கும் கொடுக்கலை. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கேன். அப்புறம் என்னைத் திட்டாதே."

"கொடுத்துடு."

"அடுத்த வருஷம் கேட்டாலும் கிடைக்காதுய்யா. குடும்பம் உள்ள போயிட்டா வெளிய வராது."

"பதினஞ்சு வருஷம் குனிஞ்சே கிடந்துட்டேன்" என்றார் அப்பா. "இந்த ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்து கை தட்டிட்டு வரேன்."

நான் தட்டில் இருந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை மத்தியானம். காலையில் சொல்லிவிட வேண்டும். காலையில் சொல்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

காலையில் அப்பா காப்பி குடிக்கும்போது எதிரே உட்கார்ந்தேன். "என்ன, மிஹா?" என்றார். மகளே என்பதை அவர் அப்படித்தான் செல்லமாகச் சொல்வார். "ஒண்ணுமில்லை" என்றேன். வெங்காய வயலுக்குப் போய்விட்டார். கல்லூரியில் மணி பன்னிரண்டு ஆனதைப் பார்த்தேன்.

சாயங்காலம் சொன்னேன். சாப்பிட்ட பிறகு, அவர் கைகழுவி வந்து உட்கார்ந்ததும். என் பெட்டியிலிருந்து ஜனவரிக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

"இதை அன்னிக்கு நான் தப்பாப் படிச்சேன், அப்பா."

"தப்பான்னா?"

"எழுதியிருந்ததைப் படிக்கலை."

அம்மா துணியை மடிப்பதை நிறுத்தினாள். அப்பா வெகுநேரம் கடிதத்தைப் பார்த்தார், அவருக்கே படிக்கத் தெரிவதுபோல. பிறகு அதை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப படி. இருக்கிறதை இருக்கிறபடி."

படித்தேன். வரி வரியாக. ஒரு வரிக்குக்கூட அவர் "சரி" சொல்லவில்லை. மனுவைப் பற்றியும் சொன்னேன். வாண்டர்கோக் அம்மாவைப் பற்றி, காலிச் சதுரத்தைப் பற்றி, பிப்ரவரியில் அவர் போட்ட கையெழுத்தைப் பற்றி.

முதலில் பேசியது அம்மா. "அந்த ஜூன்ல அவளைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போனது நான்தானே."

அப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "அந்தக் கையெழுத்து," என்றார், "விழாவுக்குன்னு சொன்னே."

எழுந்து தோன் கசிமீரோவைக் கூப்பிட்டார். இந்த முறை சத்தமில்லை. மத்தியானம் ஒன்றுக்கே குடிலை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. திரையை மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லவா என்று அவர் கேட்டாராம்.

காலையில் சொல்லியிருக்கலாம். காலையில் அவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 30

திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா கைகழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் கை நீட்டினேன். அவர் உறையை மாரிக்ரூஸிடம் கொடுத்தார். பதினோரு வயது அவளுக்கு. பாதிச் சொல் தெரியாமல் திணறினாள், என்னைப் பார்த்தாள். அப்பா, "நீயே படி, மெதுவா படி" என்றார்.

நான் பாத்திரம் கழுவப் போனேன்.

மே 17, வெள்ளி

பட்டமளிப்பு விழா. நானும் போனேன், பயிற்சிப் பணியாளராக. அங்கி போட்டவர்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் பெயர் அட்டையைக் கொடுக்க வேண்டும். மேடையில் வாசிப்பவருக்காகப் பெயரை உச்சரிக்கும் விதமும் அதில் இருக்கும். 'ஓ' வரிசை என்னுடையது. ஓச்சோவாவுக்கு அடுத்து ஒலிவாரெஸ். அதற்கு அடுத்து வர வேண்டிய ஒல்மேதா இல்லை.

தமாரிஸ் எதிரே வந்தாள். இப்போது அவளுக்கும் தெரியும். கட்டிப்பிடித்ததில் என் கையில் இருந்த அட்டைகள் சிதறின. "அழாதேடி, அப்புறம் எல்லாருக்கும் பேர் மாறிப்போயிடும்" என்றாள், அழுதுகொண்டே.

வெளியே அப்பாவின் டிரக் நின்றிருந்தது. வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார், கையெல்லாம் வெங்காய வாசம். பலூன் பிடித்த குடும்பங்கள் எங்களைக் கடந்து போயின. பாதி வழி போனதும் அப்பா கேட்டார்.

"எல்லார் பேரையும் சரியா வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க, அப்பா."

மே 31

பள்ளிச் சான்றிதழ். மூவரும் வந்தார்கள். அம்மா கருநீலத்தைப் போடவில்லை.

ஜூன் 3

அதே வரலாற்றுப் பாடம். அதே அறை. அதே சுவர்க் கடிகாரம், இன்னும் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது. மிசிகன் இல்லாத முதல் கோடை எங்களுக்கு. அப்பா காலை ஐந்தரைக்கு எழுந்து, போக இடமில்லாமல், கொல்லைக் கம்பி வேலியை முறுக்கிக்கொண்டிருக்கிறார். பருத்தி அரவை ஆலையில் ஜூலையில்தான் ஆள் எடுப்பார்கள்.

ஜூன் 7

ஐந்தாம் நாள். போனேன்.

ஜூன் 26

அத்தியாயம் பதினொன்று. எதுவும் தலையில் ஏறவில்லை. தேர்வில் எழுபத்திரண்டு; எழுபது வேண்டும். திரும்பவும் தோற்றால்? எதற்காக இதெல்லாம் என்று புத்தகத்தின் மேலேயே தலையை வைத்துப் படுத்திருந்தேன். அம்மா வந்து விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

தோன் கசிமீரோ யாரிடமோ கொடுத்தனுப்பிய திரை நேற்று வந்து சேர்ந்தது. ஒரு ஓரத்தில் செர்ரிக் கறை. துவைத்தும் போகவில்லை.

ஜூலை 12

பாடம் முடிந்தது. மதிப்பெண் தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டு உறைகள் வந்திருந்தன. ஒன்று தடிமனானது, கல்லூரி முத்திரையோடு. மற்றது நகராட்சியின் மெல்லிய வெள்ளை உறை. இரண்டையும் பிரிக்காமல் மேசையில் வைத்தேன். இப்போது அதுதான் வழக்கம்.

அப்பா ஆலையிலிருந்து வந்தார். புருவத்தில் பஞ்சு. குளித்து, சாப்பிட்டு, கைகழுவி வந்து உட்கார்ந்தார். தடிமனான உறையை மாரிக்ரூஸிடம் கொடுத்தார். அவள் சுண்டுவிரலால் ஓரத்தைக் கிழித்தாள். நான்கு மாதத்தில் நன்றாகவே படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். என் பெயரைச் சொன்னாள். பட்டத்தின் பெயரைச் சொன்னாள். எல்லாத் தகுதிகளும் நிறைவு செய்யப்பட்டன என்றாள்.

"சரி" என்றார் அப்பா. "வேற?"

"அவ்வளவுதான்ப்பா. கீழ கையெழுத்து இருக்கு."

தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார். பட்டத் தாளை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை உடுப்பில் மாவு படாத பக்கமாக, மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் மேசையில் இருந்த உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இரண்டாவது உறையை எடுத்தார். மாரிக்ரூஸ் கை நீட்டினாள். அவர் அதை மேசையில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"இதை நீ படி."

பிரித்தேன். குழாய் பழுது பார்க்கிறார்கள், வியாழக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெருவில் தண்ணீர் வராது.

"சரி" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "வியாழக்கிழமை தண்ணி வராதாம். புதன் ராத்திரியே பிடிச்சு வெச்சுடு."

தாளை மாரிக்ரூஸிடம் காட்டச் சொல்லவில்லை.